கொத்தளத்தின் இரண்டு முனைகள்

"அவர் சட்டையை விடுங்கம்மா. நீங்க அந்த முனைக்குப் போகணும்" என்றார் காவலாளி.

அவள் விடவில்லை.

கோட்டை நகரத்தின் வாசலில் பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்து அவள் விரல்கள் அந்தச் சட்டைக்கையில்தான் இருந்தன. வேலைக்காலம் முழுக்க மில்லில் பாய்லர் பக்கத்திலேயே நின்று காதைத் தொலைத்த மனிதர் அவள் கணவர். பின்னால் வண்டி வந்தால் அவள்தான் இழுத்து ஓரம் கட்ட வேண்டும். உறவில் எல்லோருக்கும் அவர் பாய்லர்காரர்.

முன்பெல்லாம் அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அவள் குரல் அப்படி. சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் பாய்லர்காரர் என்ன, பக்கத்து வீட்டுக்காரரும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அந்தக் குரல் போய்விட்டது. மிச்சம் இருந்தது வெறும் காற்று. அந்தக் காற்று மகளுக்குக் கேட்கும், மருமகனுக்குக் கேட்கும், பால்காரருக்குக்கூடக் கேட்கும். கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்காது. காதுக்குக் கருவி வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். மின்விசிறிதான் அதில் பெரிதாகக் கேட்டது.

சைகையிலேயே குடித்தனம் ஓடியது. ஆனால் அவள் குரல் எப்படி இருந்தது என்பது அவருக்கு மெல்ல மறந்துகொண்டு வந்தது. கண்ணை மூடி நினைத்துப் பார்ப்பார். அவள் உதடு அசையும், சத்தம் வராது. இனி ஒருபோதும் வராதோ என்ற பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நாலு இடம் பார்த்தால் மனசுக்குத் தேவலை என்று மகள்தான் இந்தச் சுற்றுலாவுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள்.

காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடலை முறைத்தபடி நிற்கும் மதில். அதன் மேல் பேருந்தே ஓட்டலாம், அவ்வளவு அகலம். அலை வந்து மோதும்போதெல்லாம் கல் அதிர்வதை உள்ளங்காலில் உணர்ந்தார் பாய்லர்காரர். பீரங்கிகளைத் தடவித் தடவிப் பார்த்தார். யானை நுழையும் உயரத்துக் கதவை அண்ணாந்து பார்த்ததில் தொப்பி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பும் கேட்கவில்லை.

கடைசியாக இந்தக் கொத்தளம். மதில் கடலுக்குள் வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் மூலை. அதன் வயிற்றுக்குள் வளைந்து போகும் நீண்ட நடைவழி. ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. எதிரிக் கப்பல் வந்தால் அந்தக் காலத்துக் காவல்காரர்கள் சுவரில் வாயை வைத்துக் கிசுகிசுப்பார்களாம். மறுமுனையில் காது வைத்தவனுக்கு அது அப்படியே போய்ச் சேருமாம்.

அவள் சைகையில் இதைச் சொன்னபோது பாய்லர்காரர் நம்பவில்லை. அவளுக்கும் நம்பிக்கை இல்லை. சீட்டுக்குக் காசு கொடுத்தாயிற்றே என்று நின்றார்கள்.

காவலாளி ஒருவழியாக அவளைப் பிரித்து அனுப்பிவைத்தார். வளைவில் அவள் மறைந்தாள். சட்டைக்கை லேசாகிப்போனது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

காதைச் சுவரில் வைத்தார். கல் சில்லென்று இருந்தது. வேறு ஒன்றுமில்லை.

பாய்லர் அறைப் பழக்கத்தில், தான் இங்கேதான் இருப்பதாக ஒரு கத்தல் போட்டார். வரிசையில் நின்றவர்கள் பதறிப்போனார்கள். காவலாளி ஓடிவந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கத்தினால் இந்தச் சுவர் குழப்பிவிடும். மூச்சைத்தான் பத்திரமாகக் கொண்டுபோகும்.

மறுபடியும் காதை வைத்தார்.

முதலில் கடல் என்றுதான் நினைத்தார். பிறகு அதற்குள் சொற்கள் இருந்தன.

"கேக்காதுன்னு தெரியும்."

அது பழைய குரல் இல்லை, காற்றுதான். ஆனால் அந்த இழுப்பு, முடிக்கும்போது வரும் அந்தச் சலிப்பு, எல்லாம் அவளேதான். யாரோ எந்தக் காலத்திலோ யாருக்காகவோ அடுக்கிய கல், அவர் மனைவியைச் சுமந்து வந்து அவர் காதில் இறக்கியது. மூச்சுவிடவே பயந்தார் பாய்லர்காரர்.

"கேக்காதுங்கற தைரியத்துலதான் சொல்றேன். நீங்க போடுற டீயை வாயில வைக்க முடியல. ஆபரேஷன் ஆனதுலேருந்து நல்லாருக்குன்னு தலையாட்டிக்கிட்டே குடிக்கிறேன். ஆனா நிறுத்திடாதீங்க. காலையில டம்ளரோட வந்து நிப்பீங்களே, அதைப் பாக்கணும்னுதான் எனக்கு எந்திரிக்கவே தோணுது."

அப்புறம் கடல் மட்டும் கேட்டது.

சற்று நேரத்தில் அவளே வளைவில் திரும்பி வந்தாள். காதைத் தொட்டுக் காட்டி, கேட்டதா என்று புருவத்தை உயர்த்தினாள்.

கேட்டது என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வெட்கத்தில் சுருங்கிப் போவாள். நாளைக்கே அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு டீயையும் அவளே போடுவாள். இந்த ஜென்மத்தில் அவள் வாயிலிருந்து இன்னொரு தடவை அப்படி ஒரு பேச்சு வராது.

பாய்லர்காரர் உதட்டைப் பிதுக்கினார். இல்லை என்று தலையை ஆட்டினார். இன்னொரு தடவை போய்ச் சொல் என்று கையை நீட்டினார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் சட்டை செய்யாமல் திரும்பி, இந்தத் தடவை யாரும் அனுப்பாமலேயே, மறுமுனைக்கு நடந்தாள்.

அவர் அவசரமாகக் காதை ஒட்டினார்.

"பொய். முகமெல்லாம் ஈரமா இருக்கு. தொடைச்சிட்டு நில்லுங்க, இன்னும் நிறைய இருக்கு."