புதைமணலில் சம்பந்தி

"செத்தா சாகட்டும். அவங்கவங்க விதி," என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

சாகக் கிடந்தவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் சம்பந்தி. தையல்காரர்.

"அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் மெக்கானிக்கின் மகள். "மந்திரவாதி இடுப்பு வரைக்கும் புதைமணல்ல இறங்கிட்டார். பூதம் உங்க பதிலுக்காகக் காத்திட்டிருக்கு."

சனிக்கிழமை மதியமானால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இந்த விளையாட்டுதான். மகள் கதையை நடத்துவாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேஷம். மெக்கானிக் கோடாலி வைத்த குள்ளன். தையல்காரர் மந்திரவாதி. மாப்பிள்ளை வில்லாளி. என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

சம்பந்திகள் இருவரும் பேச்சை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. எல்லாம் ஓர் ஏணியால் வந்த வினை. தையல்காரர் இரவல் வாங்கிப் போனபோது அதில் ஒன்பது படி. திரும்பி வந்தபோது எட்டு. கேட்டதற்கு, "மேல ஏற எட்டே தாராளம்," என்றாராம்.

இதை மறக்கிறவன் மனுஷனே இல்லை என்பது மெக்கானிக்கின் கட்சி. நமக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் மேஜையில் உட்கார்ந்தால் வேஷத்தோடுதான் பேச வேண்டும் என்பது மகள் போட்ட சட்டம். அதனால் குள்ளனும் மந்திரவாதியும் எட்டு மாதமாக வாய் ஓயாமல் பேசுகிறார்கள். ஆட்டம் முடிந்து பகடையைப் பெட்டியில் போட்டதும், இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி செருப்பு மாட்டுவார்கள்.

செத்தவர் மறுபடி ஆட வரக்கூடாது என்று இன்னொரு சட்டமும் உண்டு. அதைப் போட்டவர் மெக்கானிக். முதல் வாரமே சம்பந்தி போய்ச் சேர்ந்துவிடுவார் என்ற நம்பிக்கை. மனுஷன் எட்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டார்.

இன்றைக்குத்தான் வசமாக மாட்டினார்.

"இன்னொரு தரம் சொல்றேன்," என்றாள் மகள். மேஜை நடுவில், சாக்லேட் தாளில் செய்த கிரீடம் ஒன்று மின்னியது. "இதை எடுத்துக்கிட்டா நீங்க குள்ள நாட்டுக்கு ராஜா. பூதத்துக்கிட்டயே விட்டுட்டா மந்திரவாதி பிழைப்பார். ரெண்டுல ஒண்ணுதான்."

"பாதிக் கிரீடம் போதும்னு கேளு."

"பூதம் பேரம் பேசாதுப்பா."

"பேரம் பேசாதது என்ன பூதம். எட்டு மாசம் இந்தக் கிரீடத்துக்காக உசுரைக் குடுத்திருக்கேன். ரெண்டு தடவை வௌவால் வேற கடிச்சுது."

"நெஞ்சு வரைக்கும் மணல்."

"குள்ளரே, எனக்காகத் தயங்க வேணாம்," என்றார் தையல்காரர். "எடுத்துப் போட்டுக்கங்க. என்ன, உங்க தலைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிரிச்சு விடணும்."

"மந்திரவாதியாரே, உடம்பு பூரா உள்ள போயிடுச்சு. வாய் மட்டும் மிதக்குது."

"ஏம்ப்பா," என்றாள் மகள், "முப்பது வருஷமா லிஃப்ட்ல மாட்டினவங்களை வெளிய எடுத்தவர்தானே நீங்க?"

"அதுல ஒருத்தர்கூட என் ஏணியை வாங்கிட்டுப் போனவர் இல்ல."

"வேஷத்தோட பேசுங்க."

"குள்ளனுக்குத்தாம்மா ஏணி ரொம்ப முக்கியம்."

மாப்பிள்ளை இடையில் புகுந்தார். "நான் அம்புல கயிறு கட்டி விடறேன்." பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது.

"அம்பு உங்க கால்லயே குத்திடுச்சு," என்றாள் மகள்.

"வழக்கம்போல," என்றார் தையல்காரர், பெற்ற பாசத்தோடு.

மாப்பிள்ளை மாமனாரின் காதருகே குனிந்தார். "மாமா, அப்பா செத்துட்டா அடுத்த வாரத்துலேர்ந்து இங்க உக்கார முடியாது."

"சட்டம்னா சட்டம், மாப்பிள்ளை."

"தையக்கடையை ஒரேயடியா மூடினப்புறம் அவர் வீட்டை விட்டு வெளிய வர்றதே இதுக்குத்தான்."

"நான் குள்ளன். எனக்கு அதெல்லாம் தெரியாது."

"கழுத்து வரைக்கும்," என்றாள் மகள்.

தையல்காரர் இன்னொரு பிஸ்கட்டை டீயில் நனைத்தார். ஊறிப்போன பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் வெறும் விரலை வாயில் வைத்தார்.

மெக்கானிக் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார். அலமாரிக் கண்ணாடியில் ஒரு பக்கமாகத் திரும்பியும் பார்த்தார். ராஜா மாதிரிதான் இருந்தது.

"மீசை முங்கிடுச்சு," என்றாள் மகள்.

தையல்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "அப்ப நான் கிளம்பறேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவும் தொட்டியில் வைத்தார். திரும்பி வந்து, தான் உருட்டும் பகடையைப் பெட்டிக்குள் போட்டார்.

"உக்காரச் சொல்லு," என்றார் மெக்கானிக், மகளிடம்.

கிரீடத்தைக் கழற்றி மேஜை நடுவில் தள்ளினார். "பூதமே வெச்சுக்கட்டும். அந்த மனுஷனை மேல தூக்கு."

மாப்பிள்ளை கைதட்டினார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தான் மூன்று வாரம் உட்கார்ந்து அந்தப் புதைமணலை எழுதியிருந்தாள்.

"அப்பா, அப்ப மாமாவை மன்னிச்சிட்டீங்களா?"

"மன்னிக்கிறதா?" மெக்கானிக்குக் கோபமே வந்துவிட்டது. "எதிர்ல அந்த ஆளே இல்லேன்னா, நான் யார்கூடம்மா பேசாம இருக்கறது?"