பாதி திருப்பிய சாவி

பழைய கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ரோஷம் அதிகம். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி ஒன்பது வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்புறம் நாம் தலைகீழாக நின்றாலும் வண்டி கிளம்பாது. என் ஷெட்டுக்கு வந்த அக்காவின் கார் எட்டு வோல்ட்டுக்கு இறங்கியது. வீட்டுக்காரர் இறந்த பிறகு அக்காதான் அதை ஓட்டுகிறார்.

"அவர் சாவிய பாதி திருப்பி, பெட்ரோல் ஏத்துற பம்ப் சத்தம் அடங்குற வரைக்கும் காத்திருப்பாரு தம்பி. அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணுவாரு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது."

"பொறுமைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லக்கா. எர்த் வயர் பச்சை பூத்துக் கெடக்கு."

வயரைச் சுரண்டி, இறுக்கி முறுக்கினேன். திறந்திருந்த பானெட் முன்கண்ணாடியை மறைத்தது. வோல்ட் மீட்டர் முனைகளை பேட்டரியில் வைத்துக்கொண்டு, "சாவியத் திருப்புங்கக்கா" என்று குரல் கொடுத்தேன்.

பம்ப் முனகியது. முனகல் அடங்கியது. அதன் பிறகுதான் இன்ஜின் சுழன்றது. மீட்டர் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. முதல் தடவையே பிடித்துக்கொண்டது.

"பரவால்லையே, பொறுமை வந்துடுச்சே" என்றபடி பானெட்டை இறக்கினேன்.

ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. அக்கா ஷெட் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். சாவி அவர் விரலில் தொங்கியது.

சத்தம் கேட்டுத் திரும்பினார். கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சாவியைக் கைப்பைக்குள் போட்டார். காரைச் சுற்றி வந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.