வர மறுத்தவர்

பெரியவர் நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு, அவருடைய சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள்.

நான்காவது மாடி வீடு. லிஃப்ட் பழுது. வழிகாட்டக் கீழே இறங்கி வந்திருந்த அவருடைய மனைவி ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, நீங்கள் முன்னால் போய் அவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டு, கடைசியில்தான் வீட்டுக்குள் வந்து சேர்ந்தார்.

ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சர்க்கரையும் சரி. இசிஜி காகிதத்தில் கோடுகள் கோணல்மாணல் இல்லாமல் ஓடின. எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்குப் பெரியவர் ஒருமுறை இடதுபக்கம் கைவைத்தார், மறுமுறை நடுவில்.

"இவருக்குத் தும்மல் வந்தாலே வீடு நாடகக் கொட்டகைதான்" என்றார் மனைவி, சுவரில் சாய்ந்துகொண்டு.

பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்றார். வண்டியில் கூட ஒருவர் வரலாமா, அங்கே டாக்டர் அறை வரைக்கும் விடுவார்களா என்று இரண்டு தரம் கேட்டார். வரலாம் என்று அவளும் இரண்டு தரம் சொன்னாள்.

மணி ஒன்று நாற்பது. இரண்டு மணிக்கு அவள் பணி முடிகிறது. அவரை நான்கு மாடி தூக்கி இறக்கி, ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வந்தால் ஐந்தாகிவிடும். கீழே வண்டியில் இருந்த ஓட்டுநர், ஓயாத வாயால் 'சைரன்' என்று பெயர் வாங்கியவர், அதற்குள் இரண்டு முறை போனில் அழைத்துவிட்டார்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஐயா, உங்க இதயம் என்னோடதைவிட நல்லா ஓடுது. அங்க போனா ஆறு மணி நேரம் பெஞ்சுல உக்கார வச்சு, இதே காகிதத்தைத்தான் கையில குடுப்பாங்க."

படிவத்தை நீட்டினாள். மருத்துவமனைக்கு வர எனக்கு விருப்பமில்லை என்று அதில் முன்பே அச்சாகியிருந்தது. பெரியவர் பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"போடுங்க. அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"

அவர் போட்டார். சாட்சிக்கான இடத்தில் மனைவி போட்டார்.

வண்டிக்கு வந்ததும் அவள் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்து எழுதினாள். சைரன் எட்டிப் பார்த்து, இன்றைக்கு இது மூன்றாவது மறுப்பு, ஊரில் ஒருத்தருக்கும் ஆஸ்பத்திரி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார். அவளும் சிரித்தாள்.

அழைப்பு வந்தும் ஆளை ஏற்றாமல் திரும்பினால் காரணம் குறிக்க வேண்டும். அதற்குப் பதிவேட்டில் நான்கு கட்டங்கள்: சிகிச்சை தேவைப்படவில்லை, வேறு வண்டியில் போய்விட்டார், முன்பே இறந்துவிட்டார், வர மறுத்தார். நான்காவதில் 'டிக்' போட்டிருந்தாள். அவர் மறுக்கவே இல்லை என்பது, வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது. மறுத்தது அவள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. முதல் இசிஜி சுத்தமாக இருந்து, சில மணி நேரத்தில் மாரடைப்பு வந்தவர்களை அவளுக்குத் தெரியும். பயிற்சியின் முதல் வாரத்துப் பாடம் அது. வலி என்று சொன்னால் ஏற்றிக்கொண்டு வா, முடிவு டாக்டருடையது என்று, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

நான்காம் நாள் விடுமுறை. சீருடை இல்லாமல் அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறினாள். கேட்டால், இந்தப் பக்கமாக வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று சொல்வதாக இருந்தாள்.

மூன்றாவது மாடியைத் தாண்டும்போதே செருப்புகள் தெரிந்தன. வாசலை அடைத்து, படிக்கட்டு வரை இறங்கி, இருபது ஜோடிக்கு மேல் இருக்கும். உள்ளேயிருந்து யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம்.

அவள் படியிலேயே நின்றாள். திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்த நேரத்தில், அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் வெளியே எட்டிப் பார்த்து, அப்பாவைப் பார்க்க வந்தீர்களா, உள்ளே வாருங்கள் என்று வழிவிட்டாள். பெரியவரின் மகள்.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநொடி, துக்க வீட்டில் சந்தோஷப்பட்டதை நினைத்துக் கூசிப்போனாள். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள். அவற்றில் அந்த அம்மாவின் முகம் இல்லை.

நேற்றுக் காலை சமையலறையில் விழுந்தாராம். மாரடைப்பு. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று மகள் சொன்னாள்.

அவள் பெரியவரின் அருகில் போய்க் குந்தினாள். மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு எதுவும் வாயில் வரவில்லை. "உங்களுக்கு இப்ப வலி எப்படி இருக்குங்கய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியவர் மகள் அப்பால் நகரும்வரை காத்திருந்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி பேசினார்.

"நேரா கூப்பிட்டா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டா. எனக்குன்னா கூட வருவா, அங்க வச்சு டாக்டர்கிட்ட காட்டிடலாம்னு பார்த்தேன்" என்றார். "வலி அவளுக்கும்மா."