வேக ஊசி

செண்பகவல்லியின் வயிற்றிலிருந்த குழந்தையின் மூளைச் செல் ஒன்று ஸ்கேன் திரையில் நீண்டு வளர்ந்துகொண்டிருந்தது. அதனுள்ளே நுண்ணிழைப் பாதைகளைப் பிடித்துக்கொண்டு, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாக்கள் தலைதெறிக்க ஓடின.

"ஊசி போடாத குழந்தைங்களைவிட மூளை மூணு மடங்கு வேகமா வளருது. போன மாசம் போட்ட ஊசி நல்லா வேலை செய்யுது," என்றார் டாக்டர்.

அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "சத்து ஊசின்னுதானே சொன்னீங்க?" என்று கணவனிடம் திரும்பினாள்.

பரிதி தலைகுனிந்தான். "எல்லாரும் போடுறாங்க வல்லி. நம்ம புள்ள பின்தங்கிடக் கூடாதில்ல?"

"நிறுத்துங்க டாக்டர்!"

"இனி முடியாதும்மா. நிறுத்தினா மூளை வளர்ச்சியே பாதியில நின்னுடும்."

வயிற்றைத் தொட வந்த பரிதியின் கையைத் தட்டிவிட்டாள். "பொறக்குறதுக்கு முன்னாடியே எம்புள்ளைய ஓட விட்டுட்டியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?"

மருத்துவமனை வாசலில் காரைத் திறந்துவைத்து அவன் கெஞ்சினான். அவள் ஏறவில்லை. வயிற்றை அணைத்துக்கொண்டு, வெயிலில் மெல்ல மெல்ல நடந்தே வீட்டுக்குப் போனாள்.