எதிர்வீட்டு எல்லை

“அவ அப்பாவுக்கு வாய் கோணிக்கிட்டுப் போகுதுன்னு, நான் இல்லாதப்ப பெனிட்டா நம்ம காரைக் கேட்டு வந்திருக்கா. என்னடி சொல்லி அனுப்புன?” கோமளா போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

“எங்களுக்குள்ள எல்லை மூடியிருக்கும்மா. உதவி பண்ணா மார்க் போயிடும்!” மகள் மாதங்கியும் விடவில்லை.

கல்லூரியில் சர்வதேச உறவுகள் படிக்கிற பிள்ளைகளுக்குச் சேர்ந்த அன்றே ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்துவிடுவார்கள். படிப்பு முடிகிறவரை, வீட்டிலும் அந்த நாடாகவே நடக்க வேண்டும்; கையில் மாட்டிய வளையம் கவனித்துக்கொண்டே இருக்கும். மாதங்கியின் நாடும் எதிர்வீட்டு பெனிட்டாவின் நாடும் அப்போது முறைத்துக்கொண்டிருந்தன. பெனிட்டா மார்க் போனால் போகட்டும் என்று கதவைத் தட்டினாள். நம் மகாராணி கொள்கை தவறவில்லை. ‘உறுதியான நிலைப்பாடு’ என்று வளையம் பாராட்டியதாம்.

ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரி போவதற்குள் பெனிட்டாவின் அப்பா ஜெபராஜுக்குப் பேச்சு போய்விட்டது.

நாடுகள் ராசியானதும் மாதங்கி ஆப்பிளும் கையுமாகப் போய் நின்றாள். “சமாதானம் ஆயிடுச்சுடி. இனிமே பேசலாம்.”

“அது அவங்களுக்குள்ள,” என்றாள் பெனிட்டா.

கட்டிலில் கிடந்த ஜெபராஜ், அசைகிற ஒரு கையால் நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். மாதங்கிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பெனிட்டா வீட்டார் சொந்த ஊரான மார்த்தாண்டத்துக்கே போய்விட்டார்கள். படிப்பை விட்ட பெனிட்டாவுக்கு அங்கேயே ஒரு வாத்தியாரோடு கல்யாணம். மாதங்கி முதலாவதாகத் தேறி, வகுப்பில் நேச நாடாக இருந்த பையனையே கட்டிக்கொண்டு டெல்லி போனாள். எதிர்வீட்டில் இப்போது வேறு யாரோதான். இருந்தும் அம்மாவைப் பார்க்க வந்தால், அந்தக் கதவுக்குக் கேட்காதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாடி ஏறுகிறாள்.