தங்கச்சியின் சிவப்பு அட்டை

எடை கூடிய பிள்ளைகளிடம் மட்டும்தான் பள்ளியில் ரத்தம் கேட்டார்கள்; வீட்டிலேயே ஒரு சொட்டு எடுத்து அனுப்ப வேண்டும். பின்னாளில் சர்க்கரை வரும் என்று ரத்தம் சொல்லிவிட்டால் சிவப்பு அட்டை. வேலை, கல்யாணம் என்று ஆயுசுக்கும் அது கூடவே வரும்.

இரண்டு பெண்களின் தாயான பெனிட்டா யோசிக்கவே இல்லை. குண்டாக இருந்த இளையவள் ரோஷ்னியை விட்டுவிட்டு, ஈர்க்குச்சி போலிருந்த மூத்தவள் ஷைனியின் விரலில் ஊசியைக் குத்தி, அந்தச் சொட்டை ரோஷ்னி பெயரில் அனுப்பினாள்.

அட்டை சிவப்பாகவே வந்தது. ஆபத்து இத்தனை நாளும் வீட்டில் ஒல்லியாகத்தான் நடமாடியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஷைனிக்கும் ஓர் அட்டை வந்துவிடும். பெனிட்டா வாயைத் திறக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவள் கணவன் சேவியர் முந்திரியும் சீனியும் சேர்ந்த மக்ரூன் இனிப்பு வாங்கிவந்தான். ரோஷ்னி கை நீட்டியதும் தட்டை இழுத்துக்கொண்டான்.

“ஒனக்குத்தான் ஆகாதுல்லா மக்களே.”

“அப்போ அவ பங்கையும் எனக்கே தாங்கப்பா,” என்றாள் ஷைனி.

“குடுக்காதீங்க!” என்று பதறினாள் பெனிட்டா.

“ஏன், இவளுக்கு என்ன? ஒல்லிக்குச்சியா கெடக்கா, நல்லா திங்கட்டும்.”

இவளுக்கு என்ன என்பது பெனிட்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

“பல்லு சொத்தையாயிரும்,” என்றாள்.

அதற்குள் ஷைனி மூன்றாவதைக் கடித்திருந்தாள்.