நாற்றம் போகும் வரை

சாண எரிவாயுத் திட்டத்தைக் கவனிக்கும் ஜெயப்பிரகாஷ், சிதம்பரத்திலிருந்து வந்து, மூக்கில் கைக்குட்டையோடு வாய்க்கால் மேட்டில் பைக்கை நிறுத்தினான்.

சாண எரிவாயுத் தொட்டியோரம் நின்ற விவசாயி உத்திராபதி கையாட்டினார். "வாங்க சார்! அடைப்பை நாங்களே எடுத்துடுறோம்."

"யாரும் உள்ள எறங்கலியே?"

"நீங்க போன்ல சொன்னபடிதான் சார். மூடியத் தெறந்து, நாத்தம் போற வரைக்கும் காத்திருந்தோம். காலையில கொடலப் புடுங்குச்சு. இப்ப துளிகூட இல்ல. அதான் மச்சான் எறங்கிட்டான்."

அழுகிய முட்டை நாற்றம் கைக்குட்டையையும் மீறி மேடு வரைக்கும் வீசிக்கொண்டிருந்தது. அந்த வாயு ஜாஸ்தியானால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும்; நாற்றமே தெரியாது. போனில் ஜெயப்பிரகாஷ் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டான்.

"தள்ளி வாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

"மச்சான், சார் வந்துட்டாரு, மேல வாடா!" உத்திராபதி சிரித்தபடி தொட்டிக்குள் குனிந்து கூப்பிட்டார்.

ரெண்டாம் தரம் கூப்பிடும்போது அவர் நாக்கு குழறியது.